உழவு யந்திரத்தின் கிளச்சு வழுக்குதல்: பிரிக்குமுன் காரணம் அறிதல்

பெரும்போகத்தின் முதல் மழை விழுந்தபின் மண் உழவுப் பதத்தில் நிற்கும் நாட்கள் சிலவே. அந்நாட்களில் உழவு யந்திரம் ஒரு வாரம் நின்றுவிடின் விதைப்புப் பிந்தும். விதைப்புப் பிந்தின் அறுவடையும் பிந்தும். அயல் வயல்களெல்லாம் அறுக்கப்பட்டபின் தனித்து நிற்கும் வயலொன்று பறவைக்கும் பூச்சிக்கும் இலக்காகும். குளத்து நீரும் அதற்குக் கிடைப்பது அரிது. இதனைக் கமக்காரருக்கு விரித்துக் கூற வேண்டியதில்லை.

இத்தகைய வேளையிற் பெரிதும் கேட்கப்படும் முறைப்பாடு ஒன்றுண்டு. “எஞ்சின் உறுமுகின்றது; யந்திரம் இழுக்கவில்லை” என்பதே அது. இதனைக் கேட்ட மாத்திரத்தில் “கிளச்சுப் போய்விட்டது” எனத் தீர்ப்புக் கூறுவோர் பலர். உடனே யந்திரம் நடுவே பிரிக்கப்படுகின்றது. புதிய தட்டுக்கும் அமுக்குத் தட்டுக்கும் பணம் கொடுக்கப்படுகின்றது. காரணம் மிதியின் கீழ் இறுகிக் கிடந்த சேற்றுக் கட்டியாயிருப்பினும், மிதியின் அளவு தவறியதாயிருப்பினும், புதிய தட்டும் சில நாட்களில் வழுக்கத் தொடங்கும். இதற்கு மாறாக, “இப்போகம் முடியட்டும், பின்னர் பார்ப்போம்” என்று வழுக்கும் கிளச்சோடு உழுவோரும் உளர். இவர்களுக்குத் தட்டு ஒன்றோடு முடிய வேண்டிய செலவு அமுக்குத் தட்டுக்கும் கனத்த சுழற்சில்லுக்கும் பரவுகின்றது.

ஆகவே, வழுக்குதலின் காரணத்தை வெளியிலிருந்து உள்நோக்கிப் படிப்படியாக ஆராயும் முறை இங்கு கூறப்படுகின்றது. நான்கு சில்லு உழவு யந்திரங்களுள் வயது முதிர்ந்தவையே இதிற் சிறப்பாகக் கருதப்பட்டுள்ளன. 1964ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தின் கொவென்றி நகரிலிருந்து வெளிவந்த மாசி பெர்குசன் 135 போன்றவை இவ்வகையின. இவை இன்றும் எமது வயல்களில் உழைக்கின்றன. இவற்றின் கைநூல் பல வீடுகளில் தொலைந்துவிட்டது. யந்திரமோ பல கைகள் மாறியுள்ளது.

கிளச்சு வேலை செய்யும் விதம்

எஞ்சினின் பின்புறத்தே கனத்த சில்லொன்று சுழல்கின்றது. மெக்கானிக்குகள் இதனைப் பிளைவீல் என்பர். அதன் முகத்தோடு ஒட்டி, இரு பக்கமும் உராய்வுப் பட்டை பதித்த மெல்லிய தட்டொன்று நிற்கின்றது. இத்தட்டு கியர்ப் பெட்டிக்குச் செல்லும் தண்டிற் கோக்கப்பட்டுள்ளது. தட்டின் பின்னால் அமுக்குத் தட்டு உண்டு. வலிமையான சுருள் வில்கள் அதனைத் தள்ளி, நடுவிலுள்ள தட்டைப் பிளைவீலோடு நெருக்குகின்றன. நெருக்கம் போதியதாயின் மூன்றும் ஒன்றாய்ச் சுழலும். எஞ்சினின் வலு முழுவதும் சில்லுகளைச் சேரும்.

மிதியை அழுத்தும்போது தள்ளும் பேரிங் முன்சென்று விரல் போன்ற நெம்புகளை அமுக்குகின்றது. அமுக்குத் தட்டு பின்வாங்க, நடுத்தட்டு விடுபடுகின்றது. இங்கு நினைவிற் கொள்ள வேண்டியது ஒன்று: தட்டினை நெருக்குவது சாரதியின் கால் அன்று, வில்லே. கால் மிதியில் இல்லாதபோது வில் முழு வலிமையோடு நெருக்க இடமிருத்தல் வேண்டும். அதற்கு இடையூறாக எது நின்றாலும் வழுக்குதல் தொடங்கும்.

வழுக்குவது எது?

முதலிற் செய்ய வேண்டியது, வழுக்குவது கிளச்சுத்தானா எனத் தெளிதல். சேற்று வயலில் யந்திரம் முன்னேறாமைக்கு மூன்று வேறுபட்ட காரணங்கள் உண்டு. அவை ஒன்றுபோலத் தோன்றினும் மருந்து வெவ்வேறு.

பின்சில்லைப் பாருங்கள். எஞ்சின் உறுமும்போது சில்லும் விரைந்து சுழன்று சேற்றை வாரியெறியுமாயின் கிளச்சு தன் வேலையைச் செய்கின்றது; பிடிப்பற்றது நிலமே. இதற்குப் பரிகாரம் இரும்புச் சில்லு பூட்டுதல், பின்சில்லுக்குப் பாரமேற்றுதல், கலப்பையின் ஆழத்தைக் குறைத்தல் என்பனவாம். ரயருக்குள் நீர் நிரப்புவதாயின் வால்வு உச்சியில் வரும்படி சில்லைத் திருப்பி, வால்வின் மட்டம் வரையில் நிரப்புதல் போதும். மேலே எஞ்சும் காற்று மெத்தைபோல் உதவும்.

எஞ்சினின் ஓசை தாழ்ந்து, கரும்புகை எழுந்து, யந்திரம் திணறி நிற்குமாயின் அதுவும் கிளச்சின் குற்றமன்று. சுமை அதிகம், அல்லது கியர் உயர்வு. புகையின்றியே எஞ்சின் சோருமாயின் டீசல் வடிகட்டியைச் சோதித்தல் வேண்டும்.

எஞ்சினின் ஓசை உயர, பின்சில்லு மாத்திரம் மெதுவாகச் சுழலுமாயின், அல்லது நின்றேவிடுமாயின், அப்போதே கிளச்சினைச் சந்தேகிக்கலாம். அதனுடன் கருகிய நாற்றமும் எழுமாயின் சந்தேகம் வலுக்கும். இந்நாற்றம் றப்பர் எரியும் நாற்றத்தினின்றும் வேறானது; பாரமேற்றிய லொறி ஒன்று நெடுஞ்சரிவில் இறங்கி நின்றவுடன் அதன் பிரேக்கிலிருந்து எழும் நாற்றத்தை ஒத்தது.

சில்லு எண்ணும் சோதனை

கண்ணால் மதிப்பிடுதல் ஐயத்துக்கு இடந்தரும். எண்ணிக்கையோ இடந்தராது. சுண்ணக்கட்டியும் கைக்கடிகாரமும் துணைக்கு ஒருவரும் இருப்பின் கிளச்சின் நிலையை வயலிலேயே அறியலாம்.

பின்சில்லு ஒன்றின் ரயரிற் பெரிய அடையாளம் ஒன்று இடுக. கலப்பையை உயர்த்தி வைத்து, உழவுக்குரிய கியரில், எஞ்சினின் வேகமானியில் ஒரு குறித்த அளவைத் தெரிந்து, அதிற் சிறிதும் மாறாமல் ஓட்டுக. துணைவர் யந்திரத்தின் பக்கத்தே சில அடி தள்ளி நடந்து, ஒரு நிமிடத்திற் சில்லு எத்தனை முறை சுழல்கின்றது என எண்ணுக. பின்னர் கலப்பையை இறக்கி, அதே கியரில், வேகமானி அதே அளவைக் காட்ட, மீண்டும் ஒரு நிமிடம் எண்ணுக.

எஞ்சினிலிருந்து சில்லு வரையிலுள்ள பற்சில்லுகள் யாவும் ஒன்றோடொன்று கோத்தவை. அவை வழுக்க மாட்டா. ஆகவே எஞ்சினின் வேகம் மாறாதவரை சில்லின் எண்ணிக்கையும் மாறலாகாது, யந்திரம் வெறுமையாக ஓடினும் கலப்பையை இழுப்பினும். வெறுமையில் 20 சுற்றும் உழவில் 17 சுற்றும் எண்ணப்படுமாயின் இருபதில் மூன்று பங்கு கிளச்சில் இழக்கப்படுகின்றது. அந்த மூன்று பங்கு வலு எங்கே செல்கின்றது? வெப்பமாகித் தட்டையும் வில்லையும் தின்கின்றது.

இதே அடையாளத்தைக் கொண்டு நிலத்தில் ஏற்படும் வழுக்கலையும் அளக்கலாம். சில்லு பத்துமுறை சுழலும்போது யந்திரம் செல்லும் தூரத்தை வெறுமையிலும் உழவிலும் அளந்து ஒப்பிடுக. வெறுமையில் 120 அடியும் உழவில் 102 அடியும் சென்றால் நிலத்தில் வழுக்கல் நூற்றுக்குப் பதினைந்து. உறுதியான காய்ந்த நிலத்தில் இது பொறுக்கத்தக்க எல்லை. சேற்றில் இதனினும் கூடும். முதற் கணக்கு நேரத்தைக் கொண்டது, இரண்டாவது தூரத்தைக் கொண்டது. இரண்டையும் குழப்பலாகாது.

வேகமானி பழுதாயிருக்கும் யந்திரங்களே அதிகம். அவற்றுக்குத் தெருச் சோதனை உதவும். சமமான, ஆளில்லாத பாதையில் மேற்கியரில் மெதுவாக ஓட்டி, கை விசையை ஒரே முறையில் முழுவதும் திறக்குக. நல்ல கிளச்சாயின் எஞ்சினின் ஓசையும் யந்திரத்தின் ஓட்டமும் கைகோத்துப் படிப்படியாக உயரும். ஓசை திடீரென எழும்பி ஓட்டம் பின்தங்குமாயின் கிளச்சு வழுக்குகின்றது. வழுக்கல் சிறிதாயின் இரு பிரேக்கு மிதிகளையும் ஒன்றாய்க் கொளுவி, காலால் இலேசாகத் தடை கொடுத்துக்கொண்டு இதனைச் செய்க. மறைந்திருந்த வழுக்கலும் வெளிப்படும்.

யந்திரத்தின் பின்புறத்தை மரத்திற் சங்கிலியாற் பிணைத்து இழுத்துப் பார்க்கும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. இதனை ஒருபோதும் செய்யலாகாது. சில்லு நகர முடியாதவிடத்து எஞ்சினின் வலு யந்திரத்தின் முன்புறத்தைத் தூக்கிப் பின்னோக்கிக் கவிழ்க்கும். சாரதி குதித்துத் தப்புவதற்கு வேண்டிய நேரத்திலும் குறைந்த நேரத்தில் இது நிகழ்ந்துவிடும்.

மிதியின் வெறும் அசைவு

கிளச்சு வழுக்குகின்றது எனத் தெளிந்தபின்னரும் யந்திரத்தைப் பிரிக்க அவசரப்படலாகாது. முதலில் எஞ்சினை நிறுத்திவிட்டு, மிதியைக் கையால் மெல்ல அழுத்துக. தொடக்கத்திற் சிறிது தூரம் மிதி தடையின்றி இறங்கும். அதன்பின் கனம் தோன்றும். கனம் தோன்றும்வரை இறங்கும் இத்தூரமே வெறும் அசைவு. பல யந்திரங்களில் இது மிதியின் நுனியில் அரை அங்குலத்திற்கும் ஓர் அங்குலத்திற்கும் இடைப்பட்டது. உங்கள் யந்திரத்தின் கைநூலிற் கூறிய அளவே உங்களுக்குரிய அளவாகும்.

இந்த அசைவு ஏன் வேண்டும்? அசைவு இல்லையெனின் தள்ளும் பேரிங் எந்நேரமும் நெம்புகளைத் தொட்டு அமுக்கியபடியே இருக்கும். சாரதியின் கால் மிதியில் இல்லாதபோதும் யாரோ ஒருவர் மிதியை இலேசாக மிதித்துக்கொண்டிருப்பதற்கு இது சமம். வில்லின் நெருக்கம் குறைகின்றது, தட்டு வழுக்குகின்றது, பேரிங்கும் ஓயாது சுழன்று தேய்கின்றது.

பலர் அறியாத செய்தி ஒன்று இங்குண்டு. தட்டின் உராய்வுப் பட்டை தேயத் தேய, அமுக்குத் தட்டு பிளைவீலை நோக்கி நகர்கின்றது; அதனால் நெம்புகளின் நுனி எதிர்ப்புறமாகப் பேரிங்கை நோக்கி வருகின்றது. ஆகவே, ஒருவரும் தொடாமலே வெறும் அசைவு காலப்போக்கிற் குறைந்துகொண்டு வரும். போன போகத்திற் சரியாயிருந்த மிதி இந்தப் போகத்தில் அசைவற்றிருப்பதற்குக் காரணம் இதுவே. உழவுக் காலத்தில் வாரம் ஒருமுறை கையால் அழுத்திப் பார்க்கும் வழக்கம் உள்ள கமக்காரர் அரிதாகவே கிளச்சுக்குப் பணம் செலவிடுவர். அதற்கு ஒரு நிமிடமும் செல்லாது.

அசைவு குறைந்திருப்பின் மிதியையும் கிளச்சுக் கூட்டினுட் செல்லும் குறுக்குத் தண்டையும் தொடுக்கும் இடத்தைக் காண்க. சில யந்திரங்களில் அது நீளம் மாற்றத்தக்க கம்பி. பூட்டு நட்டைத் தளர்த்திக் கம்பியைத் திருப்பி அளவு வைக்க வேண்டும். வேறு சிலவற்றில் மிதியைத் தண்டோடு இறுக்கும் ஆணியைத் தளர்த்தி அளவு வைக்கப்படும். அளவு வைத்தபின் நட்டை இறுக்கி, மிதியைப் பலமுறை மிதித்து விட்டு மீண்டும் அளந்து பார்க்குக.

அளவு வைக்குமுன் மிதியின் அடியைச் சுத்தம் செய்தல் அவசியம். சேற்றுழவின்பின் மிதிக்கும் பாதப் பலகைக்கும் இடையிற் சேறு காய்ந்து கல்லாகிவிடும். மிதி திரும்பும் அச்சு கிறீசு காணாது துருப்பிடித்திருப்பின் மிதி முழுதும் மேலெழாது. மேலிழுக்கும் வில் அறுந்து, அதற்குப் பதிலாகச் சைக்கிள் ரியூப் கட்டப்பட்டிருப்பதையும் காணலாம். நாளடைவில் ரியூப் தளர்ந்து மிதி தொங்கும். இக்குற்றங்களை நீக்காமல் அளவை மாத்திரம் மாற்றுதல், கூரை ஒழுக்கைப் பாராது நிலத்து ஈரத்தைத் துடைப்பது போன்றது.

அசைவை மிகுதியாக்குவதும் தவறு. அசைவு மிகுந்தால் மிதியை முழுதும் அழுத்தினாலும் தட்டு விடுபடாது. கியர் மாற்றும்போது பற்கள் நறநறக்கும். வழுக்குதலும் விடுபடாமையும் எதிரெதிரான நோய்கள். ஒன்றுக்குரிய மருந்தை மற்றொன்றுக்குக் கொடுத்துக் கியர்ப் பெட்டியைக் கெடுத்தோர் உண்டு. வைக்க இடமில்லாத அளவுக்குச் சரிசெய்யும் கம்பி முடிவுக்கு வந்துவிட்டதாயின், தட்டு தேய்ந்து முடிந்தது என்பதே பொருள்.

எண்ணெயும் நீரும்

வெறும் அசைவு சரியாயிருந்தும் கிளச்சு வழுக்குமாயின் அடுத்துப் பார்க்க வேண்டியது கிளச்சுக் கூட்டின் அடிப்புறம். அங்கே சிறு துளையொன்று இருக்கும். மாசி பெர்குசன் போன்ற யந்திரங்களில் அத்துளையிற் பிளந்த ஆணியொன்று தளர்வாகத் தொங்கும். யந்திரம் அதிரும்போது ஆணியும் அசைந்து துளை அடைபடாமற் காக்கின்றது. அது பயனற்ற ஆணி என்று கழற்றி எறியப்படுவதுண்டு; அதன்பின் துளை சேற்றால் அடைபடும், உள்ளே கசிந்தது வெளியேற வழியின்றித் தட்டை நனைக்கும்.

துளையைக் குத்தித் திறந்து, கீழே வெள்ளைக் கடதாசி ஒன்றை இரவு முழுவதும் விரித்து வைக்குக. காலையில் ஒரு துளியும் இல்லையாயின் நன்று. துளி கரியதாயின் அது எஞ்சினின் எண்ணெய். எஞ்சினின் பின்புற ஒயில் சீல் பழுது. மஞ்சள் அல்லது மண்ணிறமாயின் கியர்ப் பெட்டியின் எண்ணெய். அதன் முன்புறச் சீல் பழுது. பால்போல் வெளிறியிருப்பின் கியர்ப் பெட்டியினுள் நீர் புகுந்துள்ளது. அது கிளச்சினும் பெரிய தொல்லை, உடனே எண்ணெயை மாற்றுதல் வேண்டும். தெளிந்த நீர் மட்டும் சொட்டுமாயின் வயல் நீரே உட்புகுந்தது.

நீர் பட்ட கிளச்சு சிறிது நேரம் வழுக்கி, வெப்பமடைந்து காய்ந்தபின் தானே பிடிக்கும். எண்ணெய் பட்ட தட்டுக்கு அந்த நற்பேறு இல்லை. பெற்றோலைத் துளைவழியே பீச்சிக் கழுவினாற் போதும் என்று கூறுவோரை நம்பலாகாது. பட்டை குடித்த எண்ணெய் வெப்பத்தில் மீண்டும் வெளிவரும். பேரிங்கின் கிறீசும் கழுவுண்டு போகும். மூடிய கூட்டினுள் பெற்றோல் ஆவி தங்கித் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. சீலை மாற்றித் தட்டையும் மாற்றுவதே வழி.

இரண்டு தட்டுள்ள கிளச்சு

சில யந்திரங்களில் ஒரே மிதியின்கீழ் இரண்டு தட்டுகள் உண்டு. மிதியைப் பாதி அழுத்தினால் ஓட்டம் நிற்கும்; முழுவதும் அழுத்தினாற் பின்புறத்துச் சுழல்தண்டும் நிற்கும். இவற்றில் எத்தட்டு வழுக்குகின்றது என அறிதல் எளிது. யந்திரம் பாரப் பெட்டியை நன்கு இழுத்துச் சென்று, சுழற்கலப்பையோ சூடடிக்கும் யந்திரமோ பூட்டும்போது மாத்திரம் சோருமாயின் பழுது சுழல்தண்டின் தட்டில். சுழல்தண்டு நன்கு உழைத்து, ஏற்றத்தில் மாத்திரம் ஓட்டம் சோருமாயின் பழுது ஓட்டத் தட்டில்.

சுழல்தண்டைக் குற்றங்கூறுமுன், பூட்டிய கருவியின் தண்டிற் பாதுகாப்பு வழுக்கி உள்ளதா எனப் பார்க்க வேண்டும். கல்லோ வேரோ தடுக்கும்போது கருவி உடையாமலிருக்க அது வேண்டுமென்றே வழுக்கும்படி அமைக்கப்பட்டது. அதன் வில்கள் தளர்ந்திருப்பின் எந்நேரமும் வழுக்கும். உழவு யந்திரம் வீணே பழி சுமக்கும்.

இரு சில்லு உழவு யந்திரம்

ஊர் வழக்கில் லான்ட்மாஸ்டர் என அழைக்கப்படும் இரு சில்லு யந்திரத்தில் எஞ்சினின் வலு முதலிற் பெல்ட்டுகள் வழியாகவே கிளச்சை அடைகின்றது. ஆகவே, அங்கு முதற் சந்தேகம் பெல்ட்டின் மேலேயே வைத்தல் வேண்டும். பெல்ட்டு வழுக்கினால் கிரீச்சிடும் ஓசையும், றப்பர் எரியும் நாற்றமும், மூடியினுள்ளே கரிய தூளும் காணப்படும். கிளச்சு வழுக்கினால் ஓசை இராது.

எஞ்சினை நிறுத்தி, சுழற்சி முற்றாக நின்றபின் மூடியைக் கழற்றுக. ஓடும் பெல்ட்டின் அருகே சாரத்தின் தலைப்போ கையோ செல்லலாகாது. பெல்ட்டின் நடுவிற் பெருவிரலால் அழுத்திப் பார்த்துத் தளர்வாயின், எஞ்சினைத் தாங்கும் ஆணிகளைத் தளர்த்தி அதனை முன்னே நகர்த்தி இறுக்கலாம். பெல்ட்டு ஓடும் வாய்க்காலின் அடிப்பாகம் பளபளப்பாயிருப்பின் இறுக்கிப் பயனில்லை: பெல்ட்டு தேய்ந்து அடியைத் தொடுகின்றது, பக்கங்களைப் பற்றவில்லை. மாற்றும்போது எல்லாப் பெல்ட்டுகளையும் ஒருங்கே மாற்றுதல் வேண்டும். பழையவற்றோடு புதியது ஒன்றைச் சேர்த்தால் புதியதே முழுப் பாரத்தையும் சுமந்து விரைவில் அறும்.

ஒரு பக்கச் சில்லு மாத்திரம் இழுக்காது யந்திரம் ஒருபுறம் ஒதுங்குமாயின், அப்பக்கத்துத் திருப்பும் கிளச்சின் கம்பி அளவுக்குமேல் இறுகியுள்ளதா எனப் பார்க்குக.

வழுக்குதலை வருவிக்கும் ஓட்டம்

தட்டுகள் வயதாற் சாவது குறைவு. சாரதியின் இடக்காலாற் சாவதே அதிகம். வரப்புக்கு வரப்பு திருப்ப வேண்டியிருப்பதால் காலை மிதியின்மேலேயே வைத்திருக்கும் பழக்கம் உழவிற் படிந்துவிடுகின்றது. பாதத்தின் பாரம் மட்டுமே போதும், மேலே கூறிய வெறும் அசைவை இல்லாதாக்க. ஏற்றத்திற் பிரேக்கை மிதிக்காது பாதிக் கிளச்சில் யந்திரத்தை நிறுத்தி வைத்தல், நெல் மூட்டை நிறைந்த பெட்டியை மேற்கியரில் கிளப்புதல், புதைந்த யந்திரத்தை எஞ்சினை உறுமவிட்டுக் கிளச்சைத் திடீர் திடீரென விடுதல் என்பனவும் இவ்வாறே. புதைந்த யந்திரத்துக்குக் கிளச்சால் விடுதலை கிடைப்பதில்லை. மண்வெட்டியும் பலகையும் கொண்டே கிடைக்கும்.

கூலிக்கு உழுவிப்போர் ஏக்கர்க் கணக்கிற் சாரதிக்குக் கூலி கொடுக்கும் முறையில், சாரதி வேகத்தையே நாடுவது இயல்பு. அவரிற் குறைகூறி ஆவதொன்றுமில்லை. யந்திரத்தின் சொந்தக்காரரே வாரந்தோறும் மிதியை அழுத்திப் பார்ப்பது நல்லது.

வயலின் நடுவே வழுக்கல் தோன்றினாற் செய்ய வேண்டியது: கலப்பையை உயர்த்துக; எஞ்சினைத் தணித்து யந்திரத்தை நிறுத்துக; கியரை விலக்கி, மிதியினின்றும் காலை எடுத்து, அரைமணி ஆறவிடுக. பின்னர் வெறும் அசைவைச் சோதித்துச் சரிசெய்க. சரிசெய்தும் வழுக்குமாயின் பாரமின்றிக் கீழ்க்கியரில் வீடு சேர்க்குக. எஞ்சிய கால் ஏக்கரை முடித்துவிடலாம் என்ற ஆசை கூடாது. வெப்பமேறிய பட்டை மேலும் வழுக்கும். மேலும் வழுக்கினால் மேலும் வெப்பமேறும். வில்களும் வெப்பத்தால் வலியிழக்கும். கால் ஏக்கரில் ஒரு பிளைவீல் வெடித்துப் பிளந்த முகத்தோடு வெளிவருவது இவ்வாறே.

பிரித்தே ஆகவேண்டுமாயின்

அசைவு சரி, மிதி தடையின்றி மேலெழுகின்றது, ஆயினும் வழுக்குகின்றது. அல்லது துளையில் எண்ணெய் சொட்டுகின்றது. அல்லது சரிசெய்யும் இடம் முடிந்துவிட்டது. இவற்றுள் ஒன்று உறுதியானாற் பிரித்தலே வழி. இது யந்திரத்தின் முன்பாதியையும் பின்பாதியையும் வேறாக்கும் வேலை. முன் அச்சு ஊசலாடும் தன்மையது. அதன் இரு புறமும் மர ஆப்பு வைக்காவிடின் எஞ்சின் ஒருபக்கம் சரிந்து கீழே நிற்பவரை நசுக்கும். உறுதியான சிமெந்துத் தரையும் தகுந்த தாங்கிகளும் உள்ள கராச்சில் மாத்திரம் இதனைச் செய்விக்க வேண்டும். மாமரக் கிளையிற் கப்பி கட்டிச் செய்யும் வேலையன்று இது.

பிரித்தவிடத்து நீங்கள் நேரில் நின்று பாருங்கள். தட்டின் பட்டை ஆணித்தலை வரை தேய்ந்துள்ளதா, எண்ணெய் படிந்து கறுத்துள்ளதா, கண்ணாடிபோல் மினுங்குகின்றதா? பிளைவீலின் முகத்தில் நீலம் பாய்ந்த புள்ளிகளோ மயிரிழை வெடிப்புகளோ உண்டா? நீலம் பெருவெப்பத்தின் அடையாளம். அத்தகைய முகத்தைக் கடைந்து சமப்படுத்தாமற் புதிய தட்டை வைத்தால் அது நீடிக்காது. நெம்புகள் யாவும் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என அளவுகோல் வைத்து அளப்பித்துக் கொள்க. ஒயில் சீலும் தள்ளும் பேரிங்கும் நல்லனபோலத் தோன்றினும் அவ்வேளையிலேயே மாற்றுதல் சிக்கனம். அவற்றின் விலை சிறிது, மீண்டும் பிரிக்கும் கூலி பெரிது.

கூட்டினுட் படிந்த தூளை வாயால் ஊதுதலும் காற்றுக் குழாயால் அடித்தலும் ஆகாது. பழைய உராய்வுப் பட்டைகளில் அஸ்பெஸ்ரஸ் கலந்திருந்தது. அதன் நுண்ணிழை நெஞ்சினுட் புகுந்தால் பல்லாண்டுகளின்பின் நுரையீரல் நோயைத் தரும். ஈரத்துணியாலே துடைத்து, துணியைப் பையிலிட்டுக் கட்டிப் புதைத்துவிடுக. பக்கத்திற் பிள்ளைகளை நிற்கவிடலாகாது.

புதிய தட்டு பூட்டியபின் முதற் சில நாட்களுக்கு இலேசான வேலையையே கொடுத்தல் வேண்டும். பட்டையின் முகம் முழுவதும் பிளைவீலிற் படிந்தபின்னரே அது முழு வலுவையும் தாங்கும். அக்காலத்தில் வெறும் அசைவும் சற்று மாறுமாதலால் இரண்டாம் நாளும் ஏழாம் நாளும் அளந்து பார்க்குக.

சிறுபோக வேலை முடிந்து யந்திரத்தை மாதக்கணக்கில் நிறுத்தி வைப்போர், கிளச்சு மிதியை முழுவதும் அழுத்தி, அது எழாதபடி மரக்கட்டை ஒன்றை முட்டுக் கொடுத்து வைத்தல் நல்லது. இல்லையேல் ஈரமேறிய தட்டு பிளைவீலோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். கட்டை வைத்திருப்பதை ஒரு மட்டையில் எழுதித் திருப்புவளையத்திற் கட்டிவிடுக. போகம் தொடங்கும் நாளில் முதலாவதாக அதனை எடுத்தல் வேண்டும்.